பர்டூ 2025-26: கிளஃப் வந்தாச்சு, முதல் ஐவர் யார்?

மேக்கி வாசி | 2025 ஆகஸ்ட் 9

நம் பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர், ட்ரே காஃப்மன்-ரென் மூவரும் கடைசி வருடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். இந்த மூன்று இடத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. மீதி இரண்டு இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் ஐவர்: ஸ்மித், லோயர், சி.ஜே. காக்ஸ், காஃப்மன்-ரென், ஆஸ்கர் கிளஃப்.

ஏன் கிளஃப் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 28 அன்று இண்டியானாபொலிஸ் லூக்கஸ் ஆயில் மைதானத்தில் இருந்தேன். தேசியக் கல்லூரித் தொடர், ஹூஸ்டனோடு 60-60. நம் கேம்டன் ஹைடி போட்ட த்ரீயில் (மூன்று புள்ளி ஷாட்) சமன் ஆனதிலிருந்து எங்கள் வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை. ஹூஸ்டன் எறிந்தது, தவறியது. அந்த ரீபவுண்ட் (தவறி எகிறி வரும் பந்து) நம் கைக்கு வந்திருந்தால் கூடுதல் நேரம்தான். வரவில்லை. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் அவர்களிடமே நின்றது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஹூஸ்டனின் ஊசான் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை ஆட்டத்துக்குள் போட்டார், டக்லர் வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்தார், ஊசான் கூடையை ஒட்டிப் போய் ஒரு லே-அப். 0.9 வினாடி மிச்சம். 62-60.

அந்த உள்ளே போடும் பந்தை ஏன் தடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய ரீபவுண்ட். சீசன் முழுக்க இதே கதைதான். டேனியல் ஜேக்கப்சன் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டார். அதனால் 6 அடி 9 அங்குலம் இருக்கும் காஃப்மன்-ரென் சென்டராக (கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான ஆள்) ஆட வேண்டியதாயிற்று. அவர் ஆட்டத்துக்கு 20.1 புள்ளி எடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் தன்னைவிட உயரமும் எடையும் கூடிய ஆட்களோடு 36 ஆட்டம் மல்லுக்கட்டினார். கூடைக்குக் கீழே வந்தவர்களைத் தடுக்க நம்மிடம் ஆளே இல்லை.

கிளஃப் 6 அடி 11 அங்குலம். போன வருடம் சவுத் டகோட்டா ஸ்டேட்டில் ஆட்டத்துக்கு 17.6 புள்ளி, 12.3 ரீபவுண்ட். நமக்கு வேண்டிய பொருள் அதுதான்.

---

ஆறாம் ஆள் | ஆகஸ்ட் 9

கிளஃப் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் காஃப்மன்-ரென்னோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன வருடம் நம் தாக்குதலின் உயிர் எது? ஸ்மித் பந்தோடு வருவார், காஃப்மன்-ரென் ஸ்க்ரீன் போட்டுவிட்டு (டிஃபெண்டரின் வழியை மறித்து நின்றுவிட்டு) நடுவில் உருண்டு வருவார், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே பந்தை வாங்கி, ஒரு கையால் மெல்லத் தள்ளிவிடுவார். அந்த ஷாட்டை நிறுத்த நம் லீக்கான பிக் டென்னில் யாராலும் முடியவில்லை. ஸ்மித்துக்கு ஆட்டத்துக்கு 8.7 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) வந்ததும், அவர் பிக் டென்னின் சிறந்த ஆட்டக்காரர் ஆனதும் பெரும்பாலும் அந்த ஒரு ஆட்டத்தால்தான்.

அது வேலை செய்ததற்குக் காரணம் நடுவில் இடம் இருந்தது. மற்ற மூன்று பேரும் வெளியே நின்று த்ரீ போடக்கூடியவர்கள். அவர்களை விட்டு எந்த டிஃபெண்டரும் உள்ளே வரத் துணியவில்லை. இப்போது கிளஃபை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால், அவரைக் காவல் காக்கும் ஆளும் கூடைக்குக் கீழேயே நிற்பான். காஃப்மன்-ரென் உருண்டு வரும்போது எதிரே ஒரு ஏழடி ஆள் தயாராக நிற்பான்.

நான்காவது இடத்தில் (சென்டருக்கு அடுத்த பெரிய ஆளின் இடம்) நீளமாக த்ரீ போடுகிற ஒருவர் வேண்டும். நார்த் ஃப்ளோரிடாவிலிருந்து வந்திருக்கும் லியாம் மர்ஃபி, இல்லையென்றால் ஜாக் பென்டர். சென்டர் இடத்தை காஃப்மன்-ரென்னும் கிளஃபும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

---

வபாஷ் கரை | ஆகஸ்ட் 9

ஜேக்கப்சனை ஏன் யாரும் பேசவில்லை? 7 அடி 4 அங்குலம் அண்ணா. கால் முறிந்து எட்டு மாதத்தில் லொசானில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடித் தங்கம் வாங்கி வந்திருக்கிறார்.

---

மேக்கி வாசி | ஆகஸ்ட் 9

@வபாஷ் கரை, மறக்கவில்லை தம்பி. அவர் நிச்சயம் ஆடுவார். ஆனால் கல்லூரி அளவில் அவர் ஆடியிருப்பது ஒரு முழு ஆட்டமும், அடுத்ததில் சில நிமிடங்களும்தான். உடம்பும் இன்னும் ஏற வேண்டும். இந்த வருடம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பெஞ்சிலிருந்து வந்து கூடையைக் காத்தாலே பெரிய உதவி. அவசரப்படுத்தி இன்னொரு காயம் ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. அன்று நார்தர்ன் கென்டக்கி ஆட்டத்தில் அவர் விழுந்ததும் நம் மேக்கி அரங்கம் அமைதியானது இன்னும் காதில் இருக்கிறது.

---

கோவை சென்டர் | ஆகஸ்ட் 10

நான் பர்டூவில் படித்தவன் இல்லை. மகன் அங்கே மெக்கானிக்கல் சேர்ந்ததிலிருந்து பார்க்கிறேன். கோவையில் கல்லூரி அணிக்கு நாலு வருடம் சென்டர் ஆடியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆறாம் ஆள் சொல்லும் இட நெருக்கடி உண்மை. ஆனால் இரண்டு பெரிய ஆட்கள் ஆடினால் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? எங்கள் அணியிலும் இரண்டு உயரமான பையன்கள் இருந்தோம். முதல் வருடம் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் ஆடினோம். பிறகு எங்கள் பயிற்சியாளர் ஒரே ஒரு விதி வைத்தார்: பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து அடிக்கோட்டை ஒட்டி ஒருவன் நிற்க வேண்டும், கூடைக்கு நேர்க் கீழே வரவே கூடாது. இன்னொருவன் மேலே. மேலே இருப்பவன் பந்து வாங்கியதும், தடுக்க யார் வருகிறானோ அவன் விட்டுவிட்டு வந்த ஆளுக்குப் பந்து போக வேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது வருடம் எங்களுக்கு எளிதான லே-அப் குவிந்தது.

காஃப்மன்-ரென் நடுவில் பந்து வாங்கினால் பார்வை உள்ள ஆள். எதிர்ப்பக்க ஏழடிக்காரன் அவரைத் தடுக்க முன்னே வந்தால், அடிக்கோட்டில் கிளஃப் தனியாக நிற்பார். அந்தப் பந்தை அவரால் கொடுக்க முடியும் என்று நம்புகிறேன். கொடுக்காமல் விட்டாலும் ஷாட் தவறினால் ரீபவுண்டுக்குக் கிளஃப் அங்கேயே இருக்கிறார். 12.3 ரீபவுண்ட் எடுத்தவர் சும்மா நிற்க மாட்டார்.

பயிற்சி வேண்டும். ஜூனிலிருந்தே சேர்ந்து ஆடுகிறார்கள், நவம்பருக்குள் பழகிவிடும்.

---

ஆறாம் ஆள் | ஆகஸ்ட் 10

அண்ணா, நீங்கள் விளக்கியது நன்றாகப் புரிந்தது. ஆனால் இதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். 2023-24இல் ஸாக் ஈடி சென்டர், காஃப்மன்-ரென் நான்காவது இடம். இதே அமைப்புதான்.

2024 ஏப்ரல் 8, தேசியத் தொடரின் இறுதி ஆட்டம், எதிரே கனெக்டிகட். அவர்கள் செய்தது ஒன்றுதான். ஈடியை ஒற்றை ஆளாகக் காத்து, வெளியே நிற்பவர்களை விட்டு நகரவே இல்லை. ஈடி 37 புள்ளி எடுத்தார். ஆனால் மொத்த அணியும் எறிந்தது ஏழே ஏழு த்ரீ, விழுந்தது ஒன்று. 75-60. அந்த ஏழு என்ற எண் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சீசன் முழுக்க த்ரீயால் எதிரிகளை உடைத்த அணி நாற்பது நிமிடத்தில் ஏழு தடவைதான் எறிய முடிந்தது. நான்காவது இடத்தில் இருப்பவரைப் பார்த்து எதிரி பயப்பட வேண்டும். அன்று பயப்படவில்லை. மேசன் கில்லிஸ் அந்த இடத்தில் இன்னும் நிறைய நேரம் ஆடியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

---

மேக்கி வாசி | ஆகஸ்ட் 10

நீங்கள் சொல்வது அந்த ஒரு இரவு. அதே ஐவர்தான் 1980க்குப் பிறகு முதல் தடவையாக நம்மை ஃபைனல் ஃபோருக்குக் (தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகள்) கொண்டுபோனார்கள். நாற்பத்து நான்கு வருடக் காத்திருப்பு. அரையிறுதியில் என்.சி. ஸ்டேட்டை 63-50 என்று அடக்கினார்கள். கில்லிஸ் பெஞ்சிலிருந்து வந்து பிக் டென்னின் சிறந்த ஆறாவது ஆள் விருதும் வாங்கினார். நம் பயிற்சியாளர் பெயின்டர் சரியான வழியில்தான் போனார், அன்று எதிரே இருந்த அணி நம்மைவிட நன்றாக ஆடியது.

இன்னொன்று. அன்றைய காஃப்மன்-ரென் வேறு, இன்றைய காஃப்மன்-ரென் வேறு. அன்று அவர் ஈடியின் நிழலில் ஆடிய இரண்டாம் வருடப் பையன். இப்போது அணியில் அதிகப் புள்ளி எடுப்பவரே அவர்தான்.

---

கருப்பும் பொன்னும் | ஆகஸ்ட் 11

இரண்டு நாளாக நான்கு, ஐந்தாம் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்மித்தைப் பற்றி யாராவது கவலைப்படுகிறீர்களா?

போன வருடம் அவர் ஆட்டத்துக்கு 37 நிமிடம் போல ஆடினார். கல்லூரி ஆட்டமே 40 நிமிடம். ஆறடி ஆள். ஒவ்வொரு முறையும் அவர்தான் பந்தைக் கொண்டு வருகிறார், ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் அவர்தான் இடி வாங்குகிறார், எதிர்ப்பக்கமும் ஓடுகிறார். பிப்ரவரியில் நாம் வரிசையாகத் தோற்றபோது அவர் கால் கனத்ததைக் கண்ணால் பார்த்தோம். கல்லூரிக் கூடைப்பந்தில் பாபி ஹர்லியின் 1,076 அசிஸ்ட் சாதனையைத் தாண்ட அவருக்கு இன்னும் 300க்குச் சற்று மேல்தான் வேண்டும். எனக்கு அந்தச் சாதனை வேண்டும், நிஜமாகவே வேண்டும். ஆனால் மார்ச்சில் அவர் கால் புதிதாக இருப்பது அதைவிட முக்கியம்.

அதனால்தான் எனக்கு ஓமர் மேயர் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மக்காபி டெல் அவீவில் வளர்ந்த பையன், வயது வந்த ஆண்களோடு தொழில்முறை ஆட்டம் ஆடியவர். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்மித் நிம்மதியாக ஆறு, ஏழு நிமிடம் உட்காரலாம். லோயர், ஸ்மித், மேயர் மூவரும் சேர்ந்தும் ஆடலாம், அப்போது ஸ்மித் பந்தில்லாமல் ஓடி த்ரீ எறியலாம்.

மேயரை ஆரம்பத்திலேயே இறக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். ஸ்மித் உட்காரும்போது அணியை ஓட்டுவதுதான் அவர் வேலை. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒரே நேரத்தில் களைப்பார்கள்.

---

வபாஷ் கரை | ஆகஸ்ட் 11

அக்கா சொன்னது சரி. அப்போ ஐந்தாவது ஆள் காக்ஸா, ஜிகாரி ஹாரிஸா? எனக்கு ஹாரிஸ் பிடிக்கும். தோள் பலம் அதிகம், பெரிய கார்டுகளை (பந்தைக் கொண்டுவரும், வெளியே நின்று ஆடும் ஆட்கள்) தள்ளவிட மாட்டார். மாணவர் பகுதியில் நின்று பார்க்கும்போது அவர் டிஃபென்ஸ் காலில் தெரியும், டிவியில் அவ்வளவு தெரியாது.

---

மேக்கி வாசி | ஆகஸ்ட் 11

இரண்டு பேருமே போன வருடம் முதல் வருட மாணவர்களாக இருந்தும் ஆரம்ப ஐவரில் ஆடியவர்கள், அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் கிளஃபையும் காஃப்மன்-ரென்னையும் சேர்த்து இறக்கினால் மீதி மூவரும் த்ரீ போட்டே ஆக வேண்டும். காக்ஸ் கை எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. எதிரணியின் வேகமான கார்டையும் அவர் எடுத்துக்கொள்கிறார், அதனால் ஸ்மித்துக்கு அந்தச் சுமை குறைகிறது. அக்கா கவலைப்படும் கால் பிரச்சினைக்கு இதுவும் ஒரு மருந்து.

---

கருப்பும் பொன்னும் | ஆகஸ்ட் 12

ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன், ஆறாம் ஆளுக்குப் பிடிக்கும். 2021-22இல் டிரெவியன் வில்லியம்ஸ் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் பிக் டென் முதல் அணியில் இடம் பிடித்தவர். ஈடி வளர்ந்து வந்ததும் அவர் பெஞ்சுக்குப் போனார், முகம் சுளிக்காமல் போனார். இருவரும் சென்டர் இடத்தைப் பங்கு போட்டார்கள், சேர்ந்து ஆடியது குறைவு. வில்லியம்ஸ் அந்த வருடம் சிறந்த ஆறாவது ஆள் விருது வாங்கினார். ஆக, பங்கு போடும் வழியும் பெயின்டருக்குத் தெரியாதது இல்லை.

ஆனால் அந்த அணியும் தேசியத் தொடரில் செயின்ட் பீட்டர்ஸிடம் 67-64 என்று தோற்று வீட்டுக்கு வந்தது. அடுத்த வருடம் ஃபேர்லி டிக்கின்சன். அதைப் பற்றி எழுதவே கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்மித்தும் லோயரும் அன்று முதல் வருடப் பையன்களாக ஆரம்ப ஐவரில் இருந்தார்கள். நாட்டிலேயே உயரம் குறைந்த அணி நம்மை 63-58 என்று வீழ்த்தியது. ஈடியைச் சுற்றி முன்னும் பின்னும் ஆள் நிறுத்தினார்கள், நாம் 26 த்ரீ எறிந்து ஐந்துதான் போட்டோம்.

இதை இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். கனெக்டிகட்டிடம் ஏழே எறிந்து தோற்றோம், ஃபேர்லி டிக்கின்சனிடம் 26 எறிந்து தோற்றோம். த்ரீ எத்தனை எறிகிறோம் என்பதை வைத்து மட்டும் ஐவரை முடிவு செய்யாதீர்கள். அந்த இரண்டு இரவிலும் ஸ்மித் தடுமாறியபோது பந்தை நிதானமாகக் கொண்டுபோக இன்னொரு கை இல்லை. என் கண்ணுக்கு அதுதான் பொதுவான குறை.

---

ஆறாம் ஆள் | ஆகஸ்ட் 12

2024இல் லான்ஸ் ஜோன்ஸ் இருந்தாரே அக்கா.

---

கருப்பும் பொன்னும் | ஆகஸ்ட் 12

இருந்தார், அவரால்தான் அவ்வளவு தூரம் போனோம். ஆனால் அவர் பலம் டிஃபென்ஸும் வேகமும். அணியை நிறுத்தி, நிதானித்து, அடுத்த ஆட்டத்தைக் கூப்பிடுகிற ஆள் ஸ்மித் ஒருவர்தான்.

---

கோவை சென்டர் | ஆகஸ்ட் 13

அலபாமா ஆட்டத்தை யோசித்துப் பார்த்தீர்களா? நவம்பர் 13, அவர்கள் ஊரில். பயிற்சியாளர் நேட் ஓட்ஸின் அந்த அணி பந்து கிடைத்த நொடியே ஓடும், ஐந்து பேரும் வெளியே விரிந்து நிற்பார்கள். கிளஃப், காஃப்மன்-ரென் இருவரில் ஒருவர் த்ரீ கோடு வரை வெளியே வந்து ஒரு கார்டை மாதிரி காவல் காக்க வேண்டியிருக்கும். இதுதான் எனக்கு உண்மையான பயம். தாக்குதலில் இட நெருக்கடியைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம். வேகம் பயிற்சியால் அவ்வளவு வராது.

நானே அனுபவித்தது. ஒரு தடவை சென்னை அணியோடு ஆடும்போது அவர்கள் ஐந்து பேரும் சின்னப் பையன்கள். என்னை வெளியே இழுத்து இழுத்து ஓட வைத்தார்கள். முதல் பாதி முடிவதற்குள் எனக்கு நாலு ஃபவுல். ஐந்தாவதோடு உட்கார்ந்தேன்.

அதனால் என் யோசனை: கிளஃபும் காஃப்மன்-ரென்னும் தொடங்கட்டும். எதிரணி ஐந்து பேரை விரித்தால் நாலைந்து நிமிடத்திலேயே ஒருவரை எடுத்துவிட வேண்டும். கிளஃபை எடுத்தால் நடுவில் இடம் கிடைக்கும், காஃப்மன்-ரென்னை எடுத்தால் ரீபவுண்ட் நிற்கும். இருவரும் சேர்ந்து ஆடுவது ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும்.

---

ஆறாம் ஆள் | ஆகஸ்ட் 13

பதினைந்து நிமிடம் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். என் பயம் இருபத்தைந்து நிமிடம் சேர்ந்து ஆடவைப்பார்களோ என்பதுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் யார் தளத்தில் நிற்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். எனக்கு யார் தொடங்குகிறார்கள் என்பதைவிட அதுதான் முக்கியம்.

---

வபாஷ் கரை | ஆகஸ்ட் 13

கடைசி ஐந்து நிமிடம்: ஸ்மித், லோயர், மேயர், காக்ஸ், காஃப்மன்-ரென். நாலு கார்டு. போட்டுத் தாக்கலாம்.

---

மேக்கி வாசி | ஆகஸ்ட் 14

நேற்று இரவு முழுக்க ஹூஸ்டன் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி பார்த்தேன். பார்க்க மனசு வரவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

முதல் ஐவரை நான் மாற்றவில்லை. ஸ்மித், லோயர், காக்ஸ், காஃப்மன்-ரென், கிளஃப். ஆனால் சென்டர் அண்ணா சொன்ன பதினைந்து நிமிடக் கணக்கை ஏற்கிறேன், நான் முதலில் மனதில் வைத்திருந்தது அதைவிட நிறைய. மேயர்தான் பெஞ்சிலிருந்து வரும் முதல் ஆள், முதல் பாதியில் எட்டு நிமிடம் ஆவதற்குள் ஸ்மித்தை உட்கார வைக்க வேண்டும். ஜேக்கப்சன் கிளஃபுக்கு மாற்று. மர்ஃபி அல்லது பென்டர் காஃப்மன்-ரென்னுக்கு மாற்று, அதில் யார் என்பதை அக்டோபரில் அவர்கள் டிஃபென்ஸ் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு நாலு கார்டு வேண்டாம் தம்பி. ஹூஸ்டன் ஆட்டத்தில் ஒரு ரீபவுண்ட் தவறியதற்கு இவ்வளவு நாள் வலிக்கிறது. நாம் முன்னிலையில் இருந்தால் கிளஃப் உள்ளே நிற்க வேண்டும். பின்தங்கி இருந்தால் உன் ஐவரை நான் மறுக்க மாட்டேன்.

2026 ஏப்ரலில் ஃபைனல் ஃபோர் அதே லூக்கஸ் ஆயில் மைதானத்தில். வெஸ்ட் லஃபாயெட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். மார்ச்சில் உட்கார்ந்த அதே பகுதியில் டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டேன். யாருக்காவது சேர்ந்து வாங்க வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

---

கருப்பும் பொன்னும் | ஆகஸ்ட் 14

எனக்கு இரண்டு.

---

கோவை சென்டர் | ஆகஸ்ட் 14

மகனையும் சேர்த்து எனக்கும் இரண்டு. விசாவுக்கு இப்போதே போட்டுவிடுகிறேன்.